பாய்மரக் கப்பல்களில் ஸ்கர்வி நோயும் எலுமிச்சைச் சாறும்: மருத்துவ அறிவு நடைமுறையான வரலாறு (1601–1795)

முன்னுரை

பாய்மரக் கப்பற் காலத்தில் மாலுமிகளின் உயிரைப் பெருமளவில் பறித்தவை போரும் புயலும் அல்ல, நோய்களே. அவற்றுள் நெடும்பயணங்களில் கொடியதாக விளங்கியது ஸ்கர்வி. புதிய காய்கனிகள் இன்றி உப்பிட்ட இறைச்சியையும் உலர்ந்த பிஸ்கட்டையும் உண்டு பல வாரங்கள் கடலில் கழித்தோர்க்கு ஈறு வீங்கிக் குருதி கசியும். தோலில் கருந்திட்டுகள் தோன்றும். ஆறிய பழம்புண்கள் மீண்டும் திறக்கும். இந்நோய்க்கு எலுமிச்சை பயன்படும் என்பது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறியப்பட்டிருந்தது. எனினும் பிரித்தானியக் கடற்படை 1795இல்தான் அதனை ஏற்றது. இக்கால இடைவெளிக்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கு எலுமிச்சை என்பது தடித்த தோலுடைய மஞ்சள் நிற லெமன் வகையைக் குறிக்கும். தமிழகத்தில் பெரிதும் வழங்கும் சிறு எலுமிச்சை வேறு வகையாகும்.

முன்னோடிகளின் பட்டறிவு

1601இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற் பயணத்திற்குத் தலைமை ஏற்ற ஜேம்ஸ் லங்காஸ்டர், தம் கப்பலில் இருந்தோர்க்கு நாள்தோறும் காலையில் மூன்று கரண்டி எலுமிச்சைச் சாறு அளித்தார். அக்கப்பலினர் பெரும்பாலும் நலமுடன் இருந்தனர். உடன்சென்ற மற்ற மூன்று கப்பல்களின் மாலுமிகளோ பாய்களைக் கையாளவும் இயலாதவாறு நலிந்தனர். கம்பெனியின் தலைமை அறுவை மருத்துவரான ஜான் வுடால், கப்பல் மருத்துவர்களுக்காக 1617இல் வெளியிட்ட கையேட்டில் எலுமிச்சைச் சாற்றைப் பரிந்துரைத்தார். ஆயினும் இப்பட்டறிவு நிலையான விதியாக மாறவில்லை. 1740இல் சுமார் 1,900 பேருடன் புறப்பட்ட ஜார்ஜ் ஆன்சனின் படையணியில் பெரும்பாலோர் நோயால் மடிந்தனர். போரில் இறந்தோர் மிகச் சிலரே.

லிண்டின் சோதனை

1747 மே மாதத்தில் சாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஒத்த நிலையிலிருந்த 12 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து ஒரே இடத்தில் தங்கவைத்து ஒரே அடிப்படை உணவை வழங்கினார். பின்னர் அவர்களை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்துகளை அளித்தார். அவை ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலக் கலவை, வினிகர், கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்ந்த லேகியம், பழங்கள் என்பனவாகும். பழம் பெற்ற இருவர்க்கும் நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் கிடைத்தன. ஆறு நாட்களில் பழங்கள் தீர்ந்துவிட்டன. அதற்குள் அவ்விருவருள் ஒருவர் பணிக்குத் திரும்பும் நிலையை எய்தினார்; மற்றவர் ஏனைய நோயாளிகளைப் பேணும் பணியில் அமர்த்தப்பட்டார்.

ஏற்பைத் தடுத்த காரணங்கள்

லிண்டின் நூல் 1753இல் வெளிவந்த பின்னரும் 42 ஆண்டுகள் கடந்தன. இதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, கோட்பாடு தொடர்பானது. ஈரக் காற்று வியர்வையைத் தடுப்பதால் நோய் எழுகிறது என்றே லிண்ட் கருதினார். எனவே பழத்தைப் பல தீர்வுகளுள் ஒன்றாகவே அவர் நூல் காட்டியது. இரண்டாவது, சேமிப்பு தொடர்பானது. பழங்கள் கெடாதிருக்க அவற்றின் சாற்றை நெடுநேரம் சூடாக்கிக் குழம்பாக்கும் முறையை அவர் பரிந்துரைத்தார். அவ்வெப்பம் சாற்றின் ஆற்றலைப் பெரிதும் அழித்தது. ஆகவே பின்வந்த சோதனைகளில் எலுமிச்சையே பயனற்றதாகத் தோன்றியது. மூன்றாவது, செல்வாக்கு தொடர்பானது. ஜேம்ஸ் குக் தம் பயணங்களில் தூய்மை, புதிய காய்கறி, புளித்த முட்டைக்கோசு எனப் பலவற்றையும் ஒருசேரக் கடைப்பிடித்து நோயைக் கட்டுப்படுத்தினார். ஆனால் மால்ட் கஷாயத்தைச் சிறப்பித்துப் பேசினார். அவரது புகழ் மலிவான அம்மருந்திற்கு வலுச் சேர்த்தது.

சென்னைப் பயணம்

1794இல் சஃபோக் என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. மாலுமிகளின் அன்றாட மதுக் கலவையில் மூன்றில் இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 20 மில்லி லிட்டர், எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்க்கப்பட்டன. இடையில் எக்கரையையும் தொடாமல் 23 வாரங்கள் கடலில் கழித்த அக்கப்பல், ஸ்கர்வியால் ஒருவரையும் இழக்காமல் சென்னையை அடைந்தது. சிலரிடம் தோன்றிய அறிகுறிகளும் சாற்றின் அளவைக் கூட்டியதும் மறைந்தன. மறு ஆண்டே, மருத்துவர் கில்பர்ட் பிளேனின் வலியுறுத்தலால் கடற்படை நிர்வாகம் எலுமிச்சைச் சாறு வழங்க இசைந்தது.

முடிவுரை

லிண்டின் சோதனை நோய் தீர்க்கும் வழியைக் காட்டியது; சஃபோக்கின் பயணம் அவ்வழி நெடுங்கடலில் நடைமுறைக்கு ஒத்தது என்பதை நிறுவியது. நிர்வாகத்தை அசைத்தது பிந்தையதே. ஆயினும் காரணம் அறியாத தீர்வு நிலையற்றதாகவே இருந்தது. 1860களில் கடற்படை மேற்கிந்தியத் தீவுகளின் சிறு எலுமிச்சைக்கு மாறியது. வைட்டமின் சி குறைந்த அச்சாற்றை ஏற்றிச் சென்ற 1875ஆம் ஆண்டின் ஆர்க்டிக் பயணத்தில் ஸ்கர்வி மீண்டும் தலைதூக்கியது. வைட்டமின் சி 1932இல் இனங்காணப்பட்ட பின்னரே இவ்வேறுபாட்டின் காரணம் தெளிவுற்றது. எனவே இவ்வரலாற்றை ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பாகக் கொள்வதினும், அறிவு, சேமிப்பு, அதிகாரம் ஆகிய மூன்றும் ஒன்றிணையக் காத்திருந்த நெடிய நிகழ்வாகக் கொள்வதே பொருந்தும். அக்காத்திருப்பின் விலையைத் தந்தவர்கள் மாலுமிகள்.