யார் வகுக்கும் நாள்? வீட்டுப் பராமரிப்பில் தேர்வுரிமையும் உடல்நலப் பழக்கங்களும்

2021ஆம் ஆண்டுக்கான கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதை எட்டியவர்கள். 2031இல் இது 18.2 விழுக்காடாக உயரும் என்கிறது அதே கணிப்பு. முதியோரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஆள் அமர்த்துவது நம் நகரங்களில் வழக்கமாகிவிட்டது. அப்போது பேசித் தீர்க்கப்படுபவை சில: ஆணா பெண்ணா, 12 மணி நேரமா 24 மணி நேரமா, மாதம் எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு. பேசுபவர் மகன் அல்லது மகள். பல வீடுகளில் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசுகிறார். பராமரிப்பைப் பெறப்போகிறவர் அந்தப் பேச்சில் இருப்பதே இல்லை.

கொள்கை வகுப்போர் பராமரிப்பு பெறுபவரின் தேர்வுரிமை என்று சொல்லும்போதும் எந்த நிறுவனம் என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். உடல்நலத்தைத் தொடுகிற தேர்வுகள் அதற்கும் உள்ளே, அன்றாடத்தில் இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். எப்போது எழுவது, எப்போது குளிப்பது, எதைத் தன் கையால் செய்வது, எதற்கு உதவி கேட்பது என்பவற்றை முதியவரே முடிவுசெய்ய முடியாத வீட்டில், நிறுவனத்தை அவரே தேர்ந்தெடுத்திருந்தாலும் பெரிய பயன் இல்லை.

பழக்கம் உருவாகும் விதத்திலிருந்து தொடங்கலாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒவ்வொருவரும் உணவு, பானம், உடலசைவு ஆகியவற்றில் தாமே தேர்ந்த ஒரு செயலை நாள்தோறும் ஒரே சூழலில் செய்துவந்தனர். காலை உணவுக்குப் பின் என்பது போன்ற ஏதேனும் ஒரு தருணத்தோடு அந்தச் செயல் பிணைக்கப்பட்டது. அது யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. இடைநிலை அளவு 66 நாள். ஒருநாள் விடுபட்டால் பெரிய பாதிப்பு இல்லை. ஒரே சூழல் திரும்பத் திரும்ப வருவதுதான் பழக்கத்தை நிலைநிறுத்துகிறது. எழுபது வயதுப் பெண்மணி ஒருவரின் வீட்டில் அப்படிப்பட்ட சூழல்கள் ஏராளம்: விடிகாலையில் வாசல் தெளிப்பது, காப்பிக்கு முன் மாத்திரை, பூப்பறிக்கத் தோட்டத்துக்கு நடப்பது, மாலையில் விளக்கேற்றுவது. எட்டு மணிக்கு ஷிஃப்டுக்கு வருபவர் ஒன்பதுக்குக் குளியல் என்று வகுத்துவிட்டால் இந்தத் தொடர் முழுதும் கலைந்துபோகிறது. நடை நின்றதற்கு மூட்டுவலியைக் காரணம் காட்டுவார்கள். நாளின் ஒழுங்கு குலைந்ததை யாரும் கவனிப்பதில்லை.

நடை நின்றதன் விலை மிகப் பெரிது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலத்தோடு இருந்த 12 முதியோர் பத்து நாள் படுக்கையில் இருந்தபோது, அவர்களுடைய கால்களின் தசைத்திரள் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது. எந்த நோயும் இல்லாமலேயே பத்து நாளில் இவ்வளவு. முதியோர் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நம் வீடுகளிலோ, "நீங்க உக்காருங்கம்மா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்பதே நல்ல பராமரிப்புக்கு அடையாளம். சொல்பவரின் அன்பில் எனக்கு ஐயமில்லை. அந்த அன்புதான் அம்மாவின் கால்களை வலுவிழக்கச் செய்கிறது.

தேர்வுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பேசும்போது எல்லோரும் எடுத்துக்காட்டுவது எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் நடத்தி 1976இல் வெளியிட்ட ஆய்வை. ஒரு தளத்தினரிடம் அவர்களுடைய வாழ்க்கை அவர்கள் பொறுப்பு என்று சொல்லப்பட்டது. செடியைத் தேர்ந்து தாமே வளர்த்தார்கள், திரைப்படம் பார்க்கும் நாளையும் தாமே முடிவுசெய்தார்கள். மற்றத் தளத்தில் இவற்றை ஊழியர்கள் பார்த்துக்கொண்டனர். பதினெட்டு மாதங்களுக்குப் பின் முதல் குழுவில் 47 பேரில் 7 பேரும், மற்றக் குழுவில் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தனர். எண்ணிக்கை சிறியது, இறப்பு வேறுபாட்டின் புள்ளியியல் வலிமை முதலில் சொல்லப்பட்டதைவிடக் குறைவு என்று பின்னர் திருத்தமும் வெளியானது. ஆகவே இதை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. என் பார்வையில் கூடுதல் கவனத்துக்குரியது ரிச்சர்ட் ஷுல்ஸின் ஆய்வு. முதியோரைக் கல்லூரி மாணவர்கள் சென்று பார்த்தார்கள். எப்போது, எவ்வளவு நேரம் என்பதை முதியோரில் ஒரு பகுதியினரே தீர்மானித்தனர். அவர்களுடைய உடல்நிலையும் மனநிலையும் மேம்பட்டன. ஆய்வு முடிந்து வருகைகள் நின்றபின், மேம்பட்டிருந்தவர்களே கடுமையாகச் சரிந்தார்கள் என்று ஷுல்ஸும் பார்பரா ஹனுசாவும் 1978இல் எழுதினர். கொடுத்த தேர்வைப் பறிப்பது, கொடுக்காமலே இருப்பதைவிடத் தீங்காகலாம். மாதத்துக்கு ஓர் ஆளை மாற்றி அனுப்பும் ஏஜென்சிகள் படிக்க வேண்டிய ஆய்வு இது.

அமெரிக்காவில் ஆர்கன்சா, நியூ ஜெர்சி, புளோரிடா மாநிலங்களில் 1998 முதல் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. மெடிக்கெய்டு என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் வீட்டு உதவி பெறத் தகுதியுள்ளவர்களில், தற்செயலாகப் பிரிக்கப்பட்ட ஒரு பகுதியினருக்கு மாதப் பணம் கொடுக்கப்பட்டது. யாரை அமர்த்துவது, எந்த வேளையில் வரச் சொல்வது என்பதை அவர்களே முடிவுசெய்யலாம். ஆலோசகர் ஒருவர் துணையிருப்பார். பலர் உறவினரையும் அக்கம்பக்கத்தவரையும் அமர்த்தினர். ஏஜென்சி ஆட்கள் வராத விடிகாலையிலும் இரவிலும் விடுமுறை நாளிலும் இவர்களுக்கு உதவி கிடைத்தது. நிறைவு கூடியது, தீராத தேவைகள் குறைந்தன, உடல்நலத்துக்குக் கேடு எதுவும் தென்படவில்லை.

டென்மார்க்கின் அனுபவம் இன்னும் தெளிவானது. 2003 முதல் அங்கே முதியோர் தம் வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த நிறுவனம் வந்தாலும், முதியவருக்காக வேலையைச் செய்து முடித்துக் கிளம்பும் முறை அப்படியே தொடரக்கூடும். 2008இல் ஃப்ரெடெரிசியா நகராட்சி வேறு கேள்வியைக் கேட்டது: நீங்கள் மறுபடியும் சொந்தமாகச் செய்ய விரும்புவது எது? குளிப்பதா, கடைக்குப் போவதா? அதை நோக்கிச் சில வாரப் பயிற்சி. 2015 முதல், பயன் பெறக்கூடும் என்று கருதப்படுவோருக்கு இத்தகைய பயிற்சியை எல்லா நகராட்சிகளும் அளிக்க வேண்டும், குறிக்கோளை அவர்களோடு சேர்ந்தே வகுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

மறுப்புகள் உண்டு. சர்க்கரை நோயாளி இனிப்பைத் தேர்ந்தால்? விழுந்துவிடுவார் என்ற பயம்? விழும் வாய்ப்பு இருப்பது உண்மை. நடக்காமல் கால் வலுவிழந்தவருக்கு அது இன்னும் அதிகம். குளியலறையில் கைப்பிடி பொருத்திவிட்டு நடக்க விடுவதே சரி. இனிப்பைப் பூட்டிவைக்கும் வீட்டில் ஒளித்துத் தின்பது நடக்கும். எந்த வேளையில், எவ்வளவு என்று அவரோடு பேசி வகுத்த வீட்டில் மருத்துவருக்காவது உண்மை தெரியும். மறதி நோய் உள்ளவர் நிலை கடினமானது. அவரால் திட்டமிட முடியாமல் போகலாம். ஆனால் ஐம்பது ஆண்டு வாழ்ந்த நாளின் ஒழுங்கு உடலில் நெடுநாள் தங்கியிருக்கும். அதை அறிந்தவரிடம் கேட்டு எழுதிவைப்பதும் முதியவரின் தேர்வை மதிப்பதே.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறார்கள். மாத்திரை எந்த வேளையோடு சேர்ந்தால் மறக்காது என்று அவர்கள் முதியவரிடமே கேட்கலாம். தனியார் ஏஜென்சிகளைப் பொறுத்தவரை, அவற்றுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேண்டும் என்ற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது, சட்டமாகவில்லை. மீண்டும் வரும்போது ஒரு விதி சேரட்டும்: பராமரிப்பு தொடங்குமுன் முதியவர் சொல்லச் சொல்ல எழுதிய ஒரு பக்க நாள்முறை அந்த வீட்டில் இருக்க வேண்டும், மாற்று ஆள் வந்தாலும் அதன்படியே நடக்க வேண்டும். கூடவே பணியாளரின் ஓய்வு நேரத்தையும் அந்த விதி உறுதிசெய்ய வேண்டும். முதியவர் தானே சட்டைப் பித்தான் போடக் கால் மணி நேரமாகும். போட்டுவிட்டால் இரண்டு நிமிடம். 24 மணி நேர வேலையில் தூங்கவும் இடைவெளி இல்லாத பெண்ணிடம் அந்தக் கால் மணி நேரத்தைக் கேட்க முடியாது.