நீலகிரித் தொல்குடிகளும் கெல்ட்டியர் கொள்கையும்

பழைய கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்து 1868-இல் தனி நிர்வாகம் பெற்ற நீலகிரியின் பூர்வ குடிகளாகத் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் முதலியோரைக் கூறுவது மரபு. வடக்கேயிருந்து பிற்காலத்தில் மலையேறியோராகக் கருதப்படும் படகரையும் சிலர் சேர்த்தெண்ணுவர். ஹொய்சள தண்டநாயகன் புணிசன் தோடரை அஞ்சுவித்தான் எனும் 1117-ஆம் ஆண்டுச் சாசனமே இவர்களைப் பற்றிய தொன்மையான எழுத்துச் சான்று என்பர். அடுத்த சில நூற்றாண்டுகளுக்குச் சான்றுகள் மிகச் சில.

1819-இல் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பின்னரே, கொங்குச் சீமையில் பாண்டு குழி என வழங்கும் ஈமச் சின்னங்களை ஒத்த கல்வட்டங்களும் கற்குவைகளும் மலைமுகடுகள் தோறும் இருப்பது ஆங்கிலேயரின் கவனத்துக்கு வந்தது. தம் நாட்டுக் கல்வட்டங்களையெல்லாம் கெல்ட்டியரின் துருயிதக் குருமாருக்கு உரியவையெனக் கருதிய காலமாதலின், காங்கிரீவ் எனும் இராணுவ அதிகாரி, 1847-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இக்குழிகளைத் தோடரின் முன்னோருக்கு உரிமையாக்கி, அத்தோடரைச் சித்தியரோடும் கெல்ட்டியரோடும் உறவுபடுத்தினார். முதல் கமிஷனரான பிரீக்ஸ் பல குழிகளைத் திறந்து சேகரித்த பொருள்கள், அவர் மறைவுக்குப்பின் 1873-இல் வெளிவந்த நூலில் விவரிக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி சென்னை எழும்பூர்க் காட்சிசாலையை அடைந்தது. இரும்பு ஈட்டிகளும், மெல்லிய வெண்கலக் கிண்ணங்களும் அவற்றில் உள. எனினும், அடுக்கடுக்காய் வளையமிட்டு உயர்ந்த மட்கலங்களின் மூடிமேல், வளைந்த கொம்போடு நிற்கும் களிமண் எருமையே காண்போர் நெஞ்சை விட்டகலாதது. விரலால் பிசைந்த அவ்வுருவைச் செய்தவர், எருமையை நாள்தோறும் அருகிருந்து பார்த்தவராகவே இருத்தல் வேண்டும்.

எருமையே தோடரின் செல்வமும் தெய்வமும் ஆதலின், காங்கிரீவின் கூற்றுக்கு அவ்வுருவம் ஓரளவு துணைசெய்வதாகத் தோன்றலாம். ஆயினும் தோடர் மண்பாண்டம் வனைவதில்லை. கலமும் இரும்பும் அவர்களுக்குக் கோத்தரிடமிருந்தே வந்தன. தோடமொழி திராவிட இனத்தது என்பது கால்டுவெல் முதலியோரால் நிலைநாட்டப்பட்டபின் கெல்ட்டிய உறவு ஆதாரமிழந்தது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சும் கெல்ட்டியருக்கு நெடுங்காலம் முற்பட்டதென்று பின்னர்த் தெளிந்தது. குழிகள் யாருடையவை என்பதில் மட்டும் அறிஞர் இன்னும் ஒருமுகப்படவில்லை.

1985 முதல் நொய்யற்கரைக் கொடுமணலில் முறையான அகழாய்வு நடந்து, கொங்குச் சமவெளியின் ஈமச் சின்னங்கள் தெளிவு பெற்றுள்ளன. மலையின் குழிகளோ பெரும்பாலும் மண்ணடுக்கு குறிக்கப்படாமலே தோண்டப்பட்டவை. ஆதலின், எழும்பூரில் நிற்கும் அவ்வெருமைகளைக் கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டுகளுக்கு உரியவை என்போரும், அவற்றுக்கு முன்னோ பின்னோ வைப்போரும் உளர்.