ஆற்றங்கரையில் தீட்டிய வரலாறு



ஓவியம் என்பது அறைக்குள் அமர்ந்து தீட்டும் கலை என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. மேலைநாட்டிலும் நெடுங்காலம் பெரும்பாலும் அவ்வாறே இருந்தது. இயற்கைக் காட்சியைக் கோட்டோவியமாக வரைந்து வந்து, அறையில் வண்ணம் தீட்டுவர். குழைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் கட்டி வைத்திருந்த காலம் அது. 1841ஆம் ஆண்டு ஜான் காஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் வண்ணம் அடைக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வண்ணங்களைப் பையில் எடுத்துச் செல்வது எளிதாயிற்று. மோனே, ரெனுவார் முதலியோர் ஆற்றங்கரையில் நின்றே மாறும் ஒளியைத் தீட்டினர். 1874இல் பாரிசில் தம் குழுவின் முதற் கண்காட்சியை நடத்தினர்.

இத்தகைய மரபு சிங்கப்பூரிலும் உண்டு. சீனாவின் சியாமென் நகரில் பிறந்து சிறுவயதில் இங்கு வந்தவர் லிம் செங் ஹோ (1912–1979). ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்னும் ஆங்கிலேயக் கலையாசிரியரிடம் பயின்றார். அவர் முழுநேர ஓவியர் அல்லர். வார நாள்களில் அலுவலகப் பணி. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஆற்றங்கரையில் நீர்வண்ண ஓவியம். 1969இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் நிறுவன உறுப்பினருள் இவரும் ஒருவர்.

அவர்கள் தீட்டிய ஆறு, தொங்கான்களும் சரக்குக் கிடங்குகளும் நெருங்கிய ஆறு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குச் சரக்குப் படகு செலுத்தியோருள் தென்னிந்தியச் சூலியாக்கள் முன்னணியில் இருந்தனர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். 1977இல் ஆற்றுத் தூய்மைத் திட்டம் தொடங்கியது. 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. 1987இல் பணி நிறைவுற்றது. ஆறு தூய்மையுற்றது நன்மையே. ஆயினும், பழைய காட்சியைக் காண இன்று நாம் புகைப்படங்களையும் இவ்வோவியங்களையுமே நாட வேண்டியுள்ளது.

அண்மையில் அதே ஆற்றங்கரையில் நடந்த ஓவியப் பயிலரங்கில் நானும் கலந்துகொண்டேன். தூரிகையைத் தொடுமுன் அரைமணி நேரம் பார்க்க மட்டுமே செய்தோம். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தீட்டாமல் விடப்பட்ட தாளே. ஆகவே எதை விடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பாலத்தின் நிழல் இடம் மாறிவிட்டது. பலமுறை கடந்து சென்ற கடைவீடுகளின் கூரைகள் ஒன்றுக்கொன்று உயரத்தில் வேறுபடுவதை அன்றுதான் கண்டேன்.

தேர்வு நெருங்கினால் ஓவிய வேளையைப் பிற பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உள்ளது. ஊன்றிப் பார்க்கும் பழக்கம் இல்லாத பிள்ளை, காட்சியை வருணித்துக் கட்டுரை எழுதுவது எங்ஙனம்? நம் குடியிருப்புப் பேட்டைகளில் பழைய கட்டடங்கள் அடுத்தடுத்து இடிக்கப்படுகின்றன. தாத்தா பாட்டி வாழ்ந்த புளோக்கையோ, அவர்கள் காய்கறி வாங்கிய சந்தையையோ, அது நிற்கும்போதே பிள்ளைகள் ஒருமுறை வரையட்டும். ஒரு தாள், ஒரு வண்ணப்பெட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். படத்தின் பின்புறம் இடத்தையும் நாளையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

சிந்திப்போம், செயற்படுவோம்.