மாற்று உரைத்த கதை

விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். அங்கே இறைவன் சுந்தரருக்கு 12,000 பொன் அளித்து, அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. பக்தியைப் போலவே கவனமும் உடையவர் சுந்தரர். பொன்னை ஆற்றில் இடுமுன் ஒரு துண்டை வெட்டி, ‘மச்சம்’ என்று தம்மிடம் வைத்துக்கொள்கிறார். ஆரூரில் கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. அவர் மறுபடியும் பாடிய பிறகுதான் இரண்டும் ஒத்தன.

‘மாற்று’ என்ற சொல்லுக்குப் பொன்னின் தரம் என்று ஒரு பொருள். ஒன்றின் இடத்தில் வைக்கப்படும் வேறொன்று என்று இன்னொரு பொருள். புற்றுநோயால் தைராய்டுச் சுரப்பியை முழுதும் இழந்தவர்களின் வாழ்வில் இவ்விரு பொருளும் ஒன்றாய்ச் சேர்கின்றன. தினமும் விழுங்கும் மாத்திரை, இழந்த சுரப்பிக்கு மாற்று. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கும் இரத்தப் பரிசோதனை, அம்மாற்றின் உரைகல். எண் பிசகி வரும்போது எழும் கேள்வி பழைய கேள்விதான்: குறை பொன்னிலா, கல்லிலா?

முதலில் பொன்னின் கதை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர் என்ற அறுவை மருத்துவர், கழலை நோய்க்காகத் தைராய்டை அகற்றுவதில் நிகரற்றவராக விளங்கினார். தாம் அறுத்தவர்களை மீண்டும் அழைத்துப் பார்த்தபோது, சுரப்பி முழுதும் நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் உடல் ஊதி, அறிவு மந்தித்துக் கிடப்பதைக் கண்டார். 1883இல் அதை அவரே வெளிப்படையாக அறிவித்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே, சுரப்பி செயலிழந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அந்த அம்மையார் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 கிறிஸ்துமஸ் நாளில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வகத்திலேயே உருவாக்கினர்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. சுரப்பி தருவது தைராக்சினை மட்டுமன்று. அதனினும் வீரியமுள்ள ட்ரை-அயோடோதைரோனினையும் சிறிதளவு தருகிறது. தைராக்சினை மட்டும் விழுங்குபவர் மற்றதற்கு எங்கே போவார்? 1970இல் பிரேவர்மன், இங்பார், ஸ்டெர்லிங் மூவரும் தைராய்டு அற்ற நோயாளிகளிடம் ஆராய்ந்து, விழுங்கிய தைராக்சினிலிருந்தே உடல் அதனை ஆக்கிக்கொள்கிறது என்று காட்டினர். ஆற்றில் இட்டது குளத்தில் கிடைத்தது என்றே சொல்லலாம்.

இனி உரைகல்லின் கதை. இரத்தத்தில் நுண்ணிய அளவிலுள்ள ஹார்மோனை எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் வழியை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960 வாக்கில் வகுத்தனர். யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றபோது பெர்சன் உயிரோடு இல்லை. 1963இல் மும்பையில் தொடங்கப்பட்ட கதிரியக்க மருத்துவ மையம், இந்தியாவில் தைராய்டு நோய்க்கான அணு மருத்துவத்தின் முன்னோடியாயிற்று.

ஆனால் இந்தக் கல்லும் ஏமாறும். சுரப்பியை அகற்றியபின் இரத்தத்தில் தைரோகுளோபுலின் இருந்தால், தைராய்டுத் திசு எங்கோ மிஞ்சியிருக்கிறது என்று பொருள். ஆனால் இந்நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் அல்லது ஐந்தில் ஒருவரது உடலில் அப்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டு. அது பரவலான சோதனை முறையில் புகுந்து எண்ணைப் பொய்யாகத் தாழ்த்திவிடும். நோய் இருந்தும் இல்லை என்று தாள் சொல்லும். ஆகவே இரண்டையும் ஒருசேர அளக்கவேண்டும். முடி உதிராமலிருக்க விழுங்கும் பயோட்டின் இன்னொரு மாயம் செய்கிறது. அதைக் கொண்டு இயங்கும் கருவிகளில், தைராக்சின் அளவை ஏற்றியும் டி.எஸ்.எச்., தைரோகுளோபுலின் அளவுகளை இறக்கியும் காட்டும். மருந்து மிகுந்துவிட்டதென்று தவறாகக் குறைத்துவிட வாய்ப்புண்டு. 2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரித்தது. சோதனைக்கு இரண்டு நாட்கள் முன்னதாகவேனும் அதை நிறுத்துவது நல்லது.

மூன்றாவது புதிர் நாமே உண்டாக்குவது. மாதக்கணக்கில் மாத்திரையை மறந்துவிட்டுச் சோதனைக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் ஒழுங்காக விழுங்கினால், தைராக்சினும் மிகுந்திருக்கும், டி.எஸ்.எச்.சும் மிகுந்திருக்கும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கவேண்டும் என்பது விதி. இங்கே ஏன் மீறியது என்பதை மீண்டும் விருத்தாசலம் போய்ப் புரிந்துகொள்ளலாம். இன்றைய தலைமுறைக்கு அது பீங்கான் ஊர். சூளைத் தொழிலில் இருவகை அளவைகள் உண்டு. வெப்பமானி அந்த நொடியின் சூட்டைச் சொல்லும். ஹெர்மன் சேகர் 1886இல் அறிமுகப்படுத்திய மண்கூம்போ, சூடும் நேரமும் சேர்ந்து செய்த வேலைக்கேற்ப வளையும். தைராக்சின் எண் வெப்பமானி. டி.எஸ்.எச். கூம்பு, அது வளைய ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். மருந்தளவை மாற்றிய மறுவாரமே சோதித்துப் பார்த்துக் கலங்குவதில் பொருளில்லை.

சோதனையன்று இரத்தம் கொடுத்த பின்பே மாத்திரையை விழுங்குவது நன்று. மற்ற நாட்களில் விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு. காபி அரைமணி முதல் ஒரு மணிநேரம் காத்திருக்கட்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். டி.எஸ்.எச்.சை எவ்வளவு தாழ்த்தி வைப்பது என்பது அவரவர் புற்றின் அபாயத்தைப் பொறுத்தது. தேவையின்றித் தாழ்த்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். அடுத்த வீட்டார் எண்ணை நம் எண்ணோடு ஒப்பிடுவதும், தாளைப் பார்த்து நாமே மருந்தைக் கூட்டிக் குறைப்பதும் ஆபத்து.

ஒரே ஆய்வகம், ஒரே முறை, தேதி வாரியாக அடுக்கிய பழைய தாள்கள். சுந்தரர் வெட்டி வைத்துக்கொண்ட மச்சம் இதுதான். அது கையிலிருந்ததால்தான் மாற்றுக் குறைந்தது என்று அவரால் கேட்க முடிந்தது. எண் பிசகிய நாளில் பதறாமல், மருத்துவரிடம் பழைய தாளை நீட்டி, ‘இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்’ என்று நாமும் கேட்கலாம்.