சமுத்திரத்துக்குக் குறுக்கே ஒரு சுவர்

பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம் என்று ஓர் ஊர். பேரில்தான் சமுத்திரம். நிஜக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் பல மணி நேரம் போக வேண்டும்! பெரிய ஏரிகளையே ‘சமுத்திரம்’ என்று சொல்வது அந்தக் காலத்து வழக்கம்.

அந்தப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற யாரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வார்கள். மணல் இழுத்து வரும் வாய்க்காலில் குறுக்கே ஒரு கல்லைப் போட்டால், மேற்பக்கம் மண் சேரும். கீழ்ப்பக்கம் கரை அரிக்கும். அவ்வளவுதான். இதே காரியத்தை வெள்ளைக்காரர்கள் நிஜ சமுத்திரத்தில் செய்தார்கள், சென்னையில்!

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் வாங்கியபோது, துறைமுகம் அமைய ஒரு வளைகுடாகூடக் கிடையாது. வெறும் மணல்கரை, ஓயாத அலை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலாப் படகு. ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும் என்பதால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்து சரக்கும் உயிரும் போனது எத்தனையோ தடவை.

இப்படியே இருநூறு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். 1861-ல் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புப் பாலம் வந்தது. புயல் அதையும் விட்டுவைக்கவில்லை. சரி, அரணே கட்டிவிடுவோம் என்று 1875-ல் வேல்ஸ் இளவரசரை (பின்னாளில் ஏழாம் எட்வர்ட்) வைத்து அடிக்கல் நாட்டினார்கள். திட்டம், வில்லியம் பார்க்ஸ் என்ற எஞ்சினீயருடையது. கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு சுவர்கள், நடுவே கிழக்குப் பார்த்த வாசல். வேலை முடியப்போகிற நேரத்தில், 1881 நவம்பரில் அடித்தது புயல். சுவர்கள் உடைந்து சிதறின! மறுபடி கட்டி முடிக்க மேலும் பல வருஷங்கள் ஆயின.

ஆனால் புயலைவிடப் பெரிய எதிரி ஒன்று சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. மணல்!

இந்தக் கரையில் வருஷத்தில் பல மாதம் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றில் கொஞ்சம் திரும்பும். ஆனால் மொத்தக் கணக்கில் வடக்குதான் ஜெயிக்கும். குறுக்கே சுவர் எழுந்ததும் மணல் தெற்கே தங்கியது. தங்கியது போக மிச்சம் சுவரைச் சுற்றி வந்து துறைமுக வாசலையே தூர்க்கப் பார்த்தது. 1904-ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ரயில்வேயில் பழகிய எஞ்சினீயர். கிழக்கு வாசலை மூடிவிட்டு, வடகிழக்கில் புது வாசல் திறந்தார். துறைமுகம் பிழைத்தது.

தெற்கே சேர்ந்த மணல் என்ன ஆயிற்று? 1881-ல் கவர்னராக வந்த கிராண்ட் டஃப், கரையோரம் உலாச்சாலை அமைத்து, சிசிலித் தீவின் ஞாபகத்தில் ‘மெரினா’ என்று பெயர் வைத்தார். மணல் வந்து குவியக் குவிய, கடல் பின்வாங்கிக்கொண்டே போனது. ஐஸ் ஹவுஸையே பாருங்கள். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கடலோரமாகக் கட்டியது அது. இன்று அதன் வாசலிலிருந்து அலையில் கால் நனைக்க எவ்வளவு மணல் நடக்க வேண்டியிருக்கிறது!

வடக்கே நடந்தது நேர்மாறு. வர வேண்டிய மணல் வராததால், ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது. மீனவர்களின் வலை காயும் கரை போனது, தெருக்கள் போயின. இன்று அங்கே மணலுக்குப் பதில் கருங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது.

துறைமுகமே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. அது இல்லாமல் சென்னை இத்தனை பெரிய நகரமாகியிருக்காது. ஆனால் வழி இருந்தது. விசாகப்பட்டினத்தில், துறைமுகம் தடுத்த மணலைத் தோண்டியெடுத்து வடக்குக் கரையில் கொட்டிப் பார்த்தார்கள். சென்னையிலோ, லாபம் ஒரு பக்கம், நஷ்டம் இன்னொரு பக்கம் என்று விட்டுவிட்டோம். நஷ்டப்பட்டவர்கள் குரல் சென்னைக் கோட்டை வரை எட்டவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தடவை மெரினாவில் சுண்டல் கொறிக்கும்போது, காலடி மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். அது ராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டிய மணல்!