பெயரில் மட்டும் இந்தியா

பலெர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி. கையுறை போட்ட வியாபாரி கள்ளிப்பழத்தின் இரு முனைகளையும் வெட்டி, நடுவே ஒரு கீறல் போட்டுத் தோலை உரித்து நீட்டினார். ‘ஃபிக்கோ திந்தியா’, அதாவது இந்திய அத்தி. “உங்கள் ஊர்ப் பழம்தானே?” என்று கேட்டார். நான் யாழ்ப்பாணத்தவன், பழத்தின் பூர்வீகம் மெக்சிக்கோ. எங்கள் இருவரைப் பற்றியும் அவர் நினைத்தது பிழை.

அந்தப் பிழை அவரிடம் தொடங்கியதல்ல. 1492இல் கரீபியன் தீவுகளை அடைந்த கொலம்பஸ், ஆசியாவின் கரையைத் தொட்டுவிட்டதாகவே எண்ணினார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பல பொருட்களுக்கு ‘இந்திய’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. கள்ளி 16ஆம் நூற்றாண்டில், ஸ்பானிய மன்னர்களின் கீழிருந்த சிசிலிக்கு வந்தது. 1753இல் லின்னேயஸும் அந்தப் பெயரையே தாவரவியலில் பதிந்துவிட்டார்.

இதன் உறவுக்கள்ளிகள் நம் மண்ணுக்கும் வந்தன. சப்பாத்திக்கள்ளி, நாகதாளி என்று பெயர் வைத்து வேலியாக்கிக்கொண்டோம். மெக்சிக்கோவில் இக்கள்ளிகளில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுப்பார்கள். அந்த வணிகம் ஸ்பெயினின் கையில் இருந்தது. அதை உடைக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பனிக்காக, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே வைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் அது வேறு இனம். சாயம் சொற்பமாகவே கிடைத்தது. பூச்சியோ கள்ளியைத் தின்று தீர்த்தது.

பிழையாக வந்த பூச்சிக்குப் பிறகு வேறொரு பயன் கண்டார்கள். களையாகப் பரவிய கள்ளியை அழிக்க, 1836–38இல் அதைத் தென்னிந்தியாவுக்கும், 1860களில் இலங்கைக்கும் கொண்டுசென்றார்கள். களையை ஒழிக்க ஒரு நாட்டின் பூச்சியை இன்னொரு நாட்டுக்கு வேண்டுமென்றே அனுப்பிய மிகப் பழைய நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. அதற்கு அசையாத நாகதாளிக்கு, 1920களில் மற்றொரு கொச்சினீல் இனத்தை இறக்கினார்கள்.

அதே 1795இல்தான் பலெர்மோவின் தாவரவியல் பூங்கா திறக்கப்பட்டது. நிலையத்திலிருந்து வியா லிங்கன் வழியே நடந்துபோகும் தூரம். அங்கே கள்ளிகளுக்கும் சதைப்பற்றுச் செடிகளுக்கும் தனி இடம் உண்டு. ஆனால் கள்ளியைக் கோடையில் பேணும் பாடத்தைச் சிசிலியின் விவசாயிகளிடம்தான் கற்க வேண்டும். மே கடைசியிலும் ஜூனிலும் முதற்பூக்களையும் பிஞ்சுகளையும் தட்டி உதிர்த்துவிடுவார்கள். ‘ஸ்கொத்சோலத்தூரா’ என்பது அதன் பெயர். செடி மறுபடி பூக்கும். விட்டுவைத்தால் ஆகஸ்டில் பழுத்துவிடும் பழம், இப்போது ஒக்டோபர், நவம்பரில் பெரிதாகவும் சாறு மிகுந்தும் கிடைக்கும்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம், எங்கள் மாடியில் இருக்கும் மாமி. ஊரில் ஒருவரும் தண்ணீர் காட்டாமல் வேலியில் நின்ற செடியைப் பல்கனித் தொட்டியில் வளர்த்தார். 2021 ஓகஸ்ட் 11 அன்று சிசிலியின் சிரக்கூசா அருகே 48.8 பாகை பதிவாகி, ஐரோப்பாவின் உச்ச வெப்பமாயிற்று. அந்தக் கிழமை முழுக்க மாமி காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். “பாவமெல்லே தம்பி, இந்த வெக்கையில அதுவும் ஒரு உயிர்தானே.” மாத முடிவில் அடித்தண்டு கறுத்துக் குழைந்து சாய்ந்தது.

கள்ளி பகலில் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவின் குளிர்ச்சியில் திறந்து காற்றை உள்ளெடுத்துச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு உணவு செய்யும். இரவும் ஆறாத நாட்களில் அந்த வேலையும் குறைந்து, செடி ஓய்ந்துவிடும். அப்போது வேர் அதிகம் குடிக்காது. சூடேறிய தொட்டியின் ஈரமண்ணில் காற்றில்லாமல் அழுகும். மண் அடிவரை காய்ந்தபின், பொழுதுபட்ட பிறகு ஒருமுறை நன்றாக ஊற்றினால் போதும். பிற்பகல் வெயிலுக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும். உரம் போடுவதும் தொட்டி மாற்றுவதும் வெக்கை தணிந்த பிறகு.

அழுகாத ஒரு மடலை வெட்டி, வெட்டுவாய் காயுமட்டும் நிழலில் வைத்து, மாமி மறுபடி நட்டார். இப்போது அது மூன்று மடல் விட்டிருக்கிறது. இந்தக் கோடையில் தண்ணீர்ச் செம்போடு பல்கனிக்குப் போனவர், மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“இந்தியாவில இருந்து வந்ததெண்டு இஞ்ச எல்லாரும் சொல்லினம். உண்மையே தம்பி?”

“இல்லை மாமி.”

“அப்ப நாங்கள் ஆரெண்டும் உவையளுக்குத் தெரியாதுதானே,” என்றபடி செம்பைக் கவிழ்த்து வைத்தார்.