வெள்ளை கோபுரமும் ட்ரைப் வரைந்த மேகமும்

ஸ்ரீரங்கத்தில் கிழக்குப் பக்கம் இருக்கிற வெள்ளை கோபுரத்தை, ஃப்ரேம் நிறைய வருகிற மாதிரி ஆட்டோவில் எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் சாம்பல் பூத்துத்தான் வரும். எதிரே இருப்பது சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கேமராவின் மீட்டர் கணக்குப் போடுகிறது. 'இல்லப்பா, இது வெள்ளை' என்று நாம் சொல்வதற்குப் பெயர்தான் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். வெள்ளை கோபுரத்துக்கு +1, சேஷராயர் மண்டபத்துக் கல் குதிரைகள் இருட்டாக நிற்கும்போது -1 என்று ஆரம்பிக்கலாம்.

மீட்டரே இல்லாத காலத்தில் இதே ஊரில் படம் எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப். 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட ராணுவ அதிகாரி. 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகட்டிவ். சுமார் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அவருக்கு +1 என்றால், லென்ஸை இரண்டு மடங்கு நேரம் திறந்து வைப்பது.

ஆனால் அந்தக் காகிதம் நீல ஒளியைத்தான் சீக்கிரம் பிடிக்கும். கல்லுக்குப் போதுமான நேரம் கொடுத்தால் வானம் வெளுத்துப்போகும். அதனால் பல நெகட்டிவ்களில் வண்ணம் பூசி மேகங்களை வரைந்தார். கல்லுக்கு நேரம், வானத்துக்குத் தூரிகை. ஆகவே அவர் படங்களில் தூணும் சிற்பமும் சாட்சி சொல்லும். மேகத்தை நம்பி அன்றைய பருவத்தைச் சொல்லக் கூடாது.

இன்று அதே +1 ஒவ்வொரு மோடிலும் வேறு இடத்தில் கை வைக்கும். அபெர்ச்சர் ப்ரையாரிட்டியில் ஷட்டர் நேரம் இரட்டிப்பாகும். மண்டபத்து இருட்டில் கை ஆடினால் படம் போச்சு. ஷட்டர் ப்ரையாரிட்டியில் அபெர்ச்சர் திறக்கும். பின்வரிசைத் தூண்கள் மங்கலாம். ஐஎஸ்ஓவையும் நாமே வைத்த மேனுவலில், பெரும்பாலான கேமராக்களில் வெளிச்சம் மாறாது. மீட்டரின் முள் மட்டும் நகரும். ஆட்டோ ஐஎஸ்ஓ இருந்தால் பல கேமராக்களில் ஐஎஸ்ஓ ஏறும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை ட்ரைப் 21 படங்களாக ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே காட்சியாக்கினார். அப்படித் தொடராக எடுக்க நமக்கு மேனுவல்தான் சரி. இல்லையென்றால் ஒவ்வொரு படமும் ஒரு வெளிச்சத்தில் நிற்கும்.

கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் கோபுரங்களின் வர்ணம் மாறுகிறது. பழைய நிறத்துக்கு நாளைக்கு நம் படம்தான் ஆதாரமாக இருக்கலாம். எவ்வளவு காம்பன்சேஷன் வைத்தோம் என்பது கோப்பிலேயே பதிவாகும். வாட்ஸாப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் போய்விடும். அசல் கோப்பை அழிக்காதீங்க.